லினெட் மாற்றிய தண்ணீர்

அத்தியாயம் 11

அடிலெய்டிலிருந்து வந்த கடிதத்தை கிரேம் இரண்டு முறை படித்துவிட்டு, ஃபிரிட்ஜுக்கு மேலே ரொட்டிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்தான் அல்லவா? நான்கு நாட்களாக அது அங்கேயேதான் கிடக்கிறது. மகள் கிர்ஸ்டியின் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே ஓர் அறை காலியாகியிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த அறை யாருக்கு என்பது கிரேமுக்குத் தெரியும், கிர்ஸ்டிக்குத் தெரியும். அவன் மனைவி லினெட்டுக்கு மட்டும் தெரியாது.

லினெட்டின் ஞாபகத்தை அரிக்கும் நோய்க்கு டாக்டர் ஒரு பெயர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயது. அன்று ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில், கார் கதவைக்கூடத் திறக்காமல் நின்றபடி கிரேம் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"உன்ன நான் எங்கயும் அனுப்ப மாட்டேன் லின். எங்கயும்."

அடுத்த மாதமே இரும்பாலை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டான்.

இந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அரசாங்க மதிப்பீட்டாளர் வருகிறார். லினெட் வீட்டிலேயே இருக்கலாமா, கூடாதா என்று பார்த்து எழுதுவதற்கு. அதற்காகவே கிர்ஸ்டி விடியற்காலையில் அடிலெய்டிலிருந்து கிளம்பியிருந்தாள். நான்கு மணி நேரப் பயணம்.

இரும்பாலை ஊரான வயாலாவில் மார்ச் மாத வெயில் எட்டு மணிக்கே ஜன்னலில் ஏறியிருந்தது.

"லின், மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். இருபது நிமிஷந்தான்."

"போயேன். நான் என்ன பச்சக் குழந்தையா? கதவப் பூட்டிட்டுப் போறியா, இல்ல கயிறு போட்டுக் கட்டிட்டுப் போறியா?"

"கயிறு கார்ல கெடக்கு. எடுக்க மறந்துட்டேன்."

"போடா கிழவா!"

சிரித்துக்கொண்டே அவன் போனான். கடையில் கூட்டம். வரிசையில் பழைய ஆலைத் தோழன் ஒருவன் பிடித்துக்கொண்டான். திரும்பி வர முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்தப் பதினைந்து நிமிடத்தை கிரேம் பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்க்கப் போகிறானோ.

அவன் உள்ளே வந்தபோது லினெட் சமையலறையில் வெள்ளரி போன்ற சுக்கினிக் காயை வட்டம் வட்டமாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். மீன் குஞ்சுகளுக்கு. முகம் பளிச்சென்று இருந்தது.

"குஞ்சுத் தொட்டிக்குத் தண்ணி மாத்திட்டேன். இன்னிக்கு வியாழன்தானே?"

"ஆமா."

"பாத்தியா! எனக்கு ஞாபகம் இருக்கு."

கிரேம் அவள் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனான்.

பின்னறை லினெட்டுடையது. ஆறு கண்ணாடித் தொட்டிகள். பத்தொன்பது வருடமாக அங்கே அவள் கெளுத்தி வளர்க்கிறாள். கண்ணாடியில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக் கிடக்குமே, அந்த ஜாதி. ஆண் மீனுக்கு மூக்கைச் சுற்றிப் புதர் போல முள்ளு முள்ளாக மீசை. பெண் மீன் மண்குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். சாப்பிடாமல்கொள்ளாமல் உள்ளேயே கிடந்து, துடுப்பால் விசிறி விசிறி அடைகாப்பது ஆண்தான். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் லினெட் அங்கேயும் ஒரு தொட்டி வைத்திருந்தாள். ஊரில் பாதி வீடுகளில் இருக்கும் கெளுத்தி அவள் கொடுத்ததுதான்.

ஜன்னலோரச் சின்னத் தொட்டியில் இருந்தவை இந்த வருடத்துக் குஞ்சுகள். நீளத் துடுப்பு, பொன் நிறம். அப்படி ஒரு ஜோடியைச் சேர்த்து எடுக்க அவளுக்கு நான்கு வருடம் பிடித்தது. குழாயை விட்டு வெளியே வந்து பன்னிரண்டு நாள் ஆன எண்பத்துநான்கு குஞ்சுகள். கணவன் பெயரும் மகள் பெயரும் சில நாள் தட்டுத்தடுமாறி வந்த வாயில் அந்த எண் மட்டும் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

கிரேம் தொட்டியைப் பார்த்தான்.

கண்ணாடியில் ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. மணலில் மல்லாந்து கிடந்தன. சில தண்ணீரின் மேல்மட்டத்துக்கு விருட்டென்று ஏறி, வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, சுழன்று கீழே விழுந்தன. தண்ணீர் துல்லியமாக, அழகாக இருந்தது.

அலமாரியில், குழாய்த் தண்ணீரில் மீனைக் கொல்லும் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து. பழையது தீர்ந்ததென்று செவ்வாய்க்கிழமை வாங்கி வந்த புது பாட்டில். மூடியில் சீல்கூட உடையவில்லை.

அவன் பாட்டிலை எடுத்தான். சீலைப் பல்லால் கடித்து இழுத்தான். சொட்டா, அரை மூடியா என்றெல்லாம் பார்க்காமல் ஊற்றினான். வலையை எடுத்து, உயிர் இருப்பதாகத் தெரிந்ததையெல்லாம் அள்ளிப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினான். ஏழெட்டு இருக்கும். அவசரத்தில் ஒன்று தரையில் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

"கிரேம், காய் ரெடி. போடவா?"

"நான் போடறேன்! நீ போய்க் குளி. கிர்ஸ்டி வந்துடுவா. அந்த நீலச் சட்டயப் போட்டுக்கோ."

"எதுக்கு, எனக்குக் கல்யாணமா?"

"உனக்கு நல்லா இருக்கும்."

குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கிரேம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பத்தரை மணிக்கு கிர்ஸ்டி வந்தாள். கையில் வழிக்கடையில் வாங்கிய சாசேஜ் ரோல் பொட்டலம். அம்மா படுக்கையறையில் தலை வாரிக்கொண்டு பாடுவது கேட்டது. அப்பா பின்னறையில் டீ வடிகட்டியால் தொட்டியிலிருந்து எதையோ அள்ளி, விரித்த செய்தித்தாளில் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா? என்னாச்சு?"

"கதவச் சாத்து."

அவள் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள். செய்தித்தாளில் அரிசி மணிகள் போல, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பொன் நிறத்தில் குவியல்.

"ஐயோ! எல்லாமேவா?"

"ஏழெட்ட அந்தத் தொட்டில போட்டுப் பாத்தேன். அதுவும் போயிடுச்சு." கிரேம் நிமிரவில்லை. "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திட்டா. மருந்து போட மறந்துட்டா. மத்ததெல்லாம் சரியாப் பண்ணியிருக்கா, கிர்ஸ். தண்ணி சூடு பாத்திருக்கா. மணல உறிஞ்சியிருக்கா. அந்த ஒரு சொட்டு மருந்த மட்டும்..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தொட்டியச் சூடாக்கற ஹீட்டர் கெட்டுப்போய் அணையாம ஓடி, தண்ணி கொதிச்சுப் போச்சுன்னு சொல்லிடலாம். அவ்வளவுதான்."

கிர்ஸ்டி பொட்டலத்தை அலமாரியில் வைத்தாள்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஒருத்தங்க வர்றாங்க. இத அவங்ககிட்ட சொல்லணும்பா."

"எத?"

"இததான். நீ அர மணி நேரம் வெளிய போனே, இது நடந்துடுச்சு. இன்னிக்கு மீனு. நாளைக்கு அடுப்பு."

"அடுப்பப் பத்தி இப்ப யாரு பேசுனா?"

"நான் பேசறேன்! ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி தெனமும் அதத்தான் நெனைக்கிறேன். அந்த லெட்டர எங்க வச்சிருக்கே?"

கிரேம் செய்தித்தாளை நான்காக மடித்தான்.

"நீ உங்கம்மாகிட்ட இதச் சொன்னா," என்றான் கடைசியில், மகளைப் பார்க்காமலே, "அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ரூம் ஒண்ணுதான். இங்க வந்தா அவ எல்லாம் தெரிஞ்சவ. அதையும் புடுங்கிடாத. உன் கால்ல வேணா விழறேன்."

அப்பா இப்படிப் பேசி கிர்ஸ்டி கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நீலச் சட்டையில் லினெட்.

"எங்கடி என் செல்லம்! வந்ததும் வராததுமா மீனப் பாக்க..." அவள் கண் ஜன்னலோரத் தொட்டிக்குப் போனது.

"லின்," என்றான் கிரேம். "ஹீட்டர் கெட்டுப் போச்சு. அணையாம ஓடிட்டே இருந்திருக்கு. நான் பாக்கல. என் தப்பு."

அவள் தொட்டியருகே போய்க் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தாள். நெடுநேரம்.

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

"நான் உங்கிட்ட சொன்னேனா இல்லயா? அந்த ஹீட்டருக்கு வயசாச்சு, மாத்துன்னு?"

உண்மையில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

"சொன்னே."

"எத்தன தடவ சொன்னேன்?"

"நெறைய தடவ சொன்னே லின்."

"காதுல வாங்குனியா? எதுக்கு வாங்குவே! லின் சொல்றா, லின்னுக்குத்தான் மூள கெட்டுப் போச்சே! நாலு வருஷம், கிரேம். நாலு வருஷம்! உன் கையில ஒரு வேல குடுத்தா உருப்படுமா? முப்பத்தஞ்சு வருஷம் ஆலையில என்னத்தக் கிழிச்சே நீ!"

அவள் அவன் மார்பில் ஓங்கிக் குத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டான். அப்புறம் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "என் தப்புதான், என் தப்புதான்," என்றான். அவன் முகத்தில் ஒருவித நிம்மதி தெரிந்ததை கிர்ஸ்டி பார்த்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே போய்த் துணிக்கொடியருகே நின்றுகொண்டாள்.

இரண்டு மணிக்கு மெரிடித் என்ற மதிப்பீட்டாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சாந்தமான குரல்.

லினெட் அன்று நன்றாக இருந்தாள். அதுதான் கொடுமை. அழுத கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, டீ ஊற்றிக் கொடுத்து, வம்பளந்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமாங்க, லினெட்?"

"வியாழன். எங்க வீட்டுல வியாழக்கிழமை தண்ணி மாத்தற நாள்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கறது ஏதாவது உண்டா?"

"இந்த ஆளு கொறட்ட விடறது. அதுக்கு உங்க ஃபாரத்துல எடம் இருக்கா?"

மெரிடித் சிரித்துவிட்டார். சில கேள்விகளுக்கு லினெட் தடுமாறினாள். சற்று முன் சொன்ன மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஒன்றுதான் வந்தது. ஆனாலும் அவள் அதையும் ஒரு ஜோக்காக்கிவிட்டாள்.

கிளம்பும் முன் மெரிடித் கிரேமைப் பார்த்துக் கேட்டார்.

"சமீபத்துல வீட்டுல பாதுகாப்பு சம்பந்தமா ஏதாவது நடந்துச்சுங்களா? கவலப்படற மாதிரி?"

"இல்லீங்க."

மெரிடித் கிர்ஸ்டியின் பக்கம் திரும்பினார்.

கிர்ஸ்டி டீ கோப்பையைப் பார்த்தாள். அம்மாவின் நீலச் சட்டையைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க," என்றாள்.

மெரிடித் தன் பெயரும் போன் நம்பரும் இருந்த அட்டையை மேஜைமேல் வைத்தார். இப்போதைக்கு வீட்டிலேயே உதவியோடு சமாளிக்கலாம் என்று தோன்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கார் திரும்பியதும் கிரேம் மகளின் தோளைத் தொட வந்தான். அவள் நகர்ந்துகொண்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கிரேமுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

ஆனால் லினெட் பின்னறைக்குப் போய்விட்டிருந்தாள்.

"செத்தத எங்க வச்சே?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"குப்பையில போட்டுட்டேன் லின்."

"எடுத்துட்டு வா."

"எதுக்கு அதப் போயி..."

"செத்த மீன எப்பவும் பாக்கணும். பாத்தாத்தான் ஏன் செத்துச்சுன்னு தெரியும். உனக்கு எத்தன தடவ சொல்லிக் குடுத்திருக்கேன்? எடுத்துட்டு வா."

அந்தக் குரலுக்கு கிரேம் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை. செய்தித்தாள் மடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அவள் விளக்கைக் கீழே இழுத்து, பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஊசி முனையால் ஒவ்வொரு குஞ்சாகப் புரட்டினாள். காலையில் குளோரின் மருந்தை மறந்த அதே கை. நடுக்கமே இல்லை.

"செவுள் பாரு. செவசெவன்னு புண்ணாப் போயிருக்கு. மேலெல்லாம் கொழகொழன்னு இருக்கு." அவள் யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டாள். "இது சூட்டுல செத்தது இல்ல."

"லின், விடும்மா..."

"சும்மா இரு."

ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்தாள். அந்த ஹீட்டரை அதில் போட்டு, வெப்பமானியைத் தொங்கவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கிரேம் நிலைப்படியில் நின்றான். கிர்ஸ்டியும் வந்து நின்றாள். அரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று. வெப்பமானி இருபத்தாறைத் தொட்டதும் சிவப்பு விளக்குத் தானாக அணைந்தது.

"ஹீட்டருக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் லினெட். "இது குழாய்த் தண்ணி. மருந்து போடாத தண்ணி." திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "இன்னிக்கு யாரு தண்ணி மாத்துனது?"

"நான்தான்," என்றான் கிரேம் உடனே.

"நீயா?"

"நீ தூங்கிட்டிருந்தே. சரி, நாமளே மாத்திடலாம்னு..."

"பத்தொம்பது வருஷத்துல நீ குஞ்சுத் தொட்டியத் தொட்டதில்ல. நீ தண்ணி மாத்துனா கார் கழுவுன மாதிரி ரூமெல்லாம் நனஞ்சிருக்கும்." அவள் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த, தண்ணீர் மாற்றும் ரப்பர் குழாயைக் கையில் எடுத்தாள். வட்டமாகச் சுற்றி, பழைய நீளக் காலுறைத் துண்டால் கட்டியிருந்தது. "இந்த முடிச்சு நான் போடறது."

கிரேம் அந்தக் குழாயை வாங்கக் கை நீட்டினான். அவள் விடவில்லை.

"கிர்ஸ்டி. உங்கப்பன் சொல்ல மாட்டான். நீ சொல்லு. நானா?"

கிர்ஸ்டிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மதியம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். இன்னொன்றுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

"ஆமாம்மா. அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தப்ப."

லினெட் தலையசைத்தாள். கணக்கு சரியாக வந்தவள் போல. அப்புறம்தான் அவள் முகம் மெல்ல மெல்லச் சரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, செய்தித்தாளில் கிடந்த குஞ்சுகளை விரல் நுனியால் ஒரு பக்கமாகச் சேர்த்தாள். மறுபடி பிரித்தாள்.

"புது ஆளுங்க யாரு மீன் வாங்கிட்டுப் போனாலும் நான் சொல்ற மொத வார்த்த அதுதானே. வேற எத மறந்தாலும் சொட்டு மருந்த மறக்காதீங்கன்னு."

"அந்த ஜோடி மறுபடியும் முட்ட போடும் லின். அடுத்த மாசமே போடும்."

"அது போடும். நான்தான் மறுபடியும் ஊத்துவேன்."

"நான் பக்கத்துலயே நிக்கிறேன். எங்கயும் போகல. மருந்துக் கடைக்குக்கூடப் போகல."

"எத்தன நாளைக்கு? நீ பாத்ரூமுக்குப் போக மாட்டியா?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இதே மாதிரி வேற என்னென்ன பண்ணியிருக்கேன்? சொல்லு. என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கே?"

கிரேம் தரையைப் பார்த்தான். அடுப்பை அணைக்காமல் விட்ட இரண்டு தடவை. கிர்ஸ்டியின் பழைய பள்ளிக்கூட வாசலில் மூன்றரை மணிக்குப் போய், குழந்தையைக் கூட்டிப்போக நின்றிருந்தது. எதையும் அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அந்தம்மா அட்ட எங்க?"

"எந்தம்மா?"

"மத்தியானம் டீ குடிச்சாங்களே, அந்தம்மா. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அது போறதுக்குள்ள போனப் போடு கிர்ஸ்டி. ஸ்பீக்கர்ல போடு. இவனும் கேக்கட்டும்."

"லின், வேணாம். நான் உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"தெரியும். கார் பக்கத்துல நின்னு குடுத்தே. இப்ப நான் அத உனக்குத் திருப்பிக் குடுக்கறேன். வாங்கிக்கோ."

"எனக்கு வேணாம்!"

கிரேம் இப்படிக் கத்தி அந்த வீடு கேட்டதில்லை. பக்கத்துத் தொட்டிகளில் மீன்கள் விருட்டென்று ஒதுங்கின. அவன் புறக்கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாக, அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பது தெரிந்தது.

கிர்ஸ்டி எண்ணை அழுத்தினாள்.

"மெரிடித்துங்களா? நான் லினெட். இன்னிக்கு நீங்க வந்தப்ப நாங்க ஒரு பொய் சொல்லிட்டோம்." அவள் குரல் திடமாக இருந்தது. "இல்ல, என் வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல. எம்மேல இருக்கற ஆசையில சொன்னாரு. காலைல எண்பத்துநாலு குஞ்ச நான் கொன்னுட்டேன். எதுக்குச் சொல்றேன்னா, இந்த உலகத்துல நான் நல்லாத் தெரிஞ்சு செய்யற வேல அது ஒண்ணுதான். அதுவே எனக்கு மறந்து போச்சு. இனிமே இந்த வீட்டுல நான் தொடற எதையும் நம்ப முடியாது. எனக்கு ஒரு எடம் பாருங்க. என் வீட்டுக்காரர் கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன்."

மறுமுனையில் மெரிடித் மெதுவாக ஏதேதோ கேட்டார். கிர்ஸ்டி எழுந்துபோய், ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதத்தைத் தேடி எடுத்து வந்து, அதிலிருந்த இல்லத்தின் பெயரைப் படித்தாள். லினெட் கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். கடிதம் வந்து நாளாகியிருந்தது.

போனை வைத்ததும் லினெட் செய்தித்தாளோடு வெளியே போனாள். வேலியோரம் கிரேம் நின்ற இடத்துக்கே போனாள். இருவரும் எலுமிச்சை மரத்தடியில் கையால் மண்ணைப் பறித்ததையும், அவள் குஞ்சுகளைக் குழிக்குள் கொட்டியதையும், அவன் மண்ணைத் தள்ளி மூடியதையும் கிர்ஸ்டி உள்ளிருந்து பார்த்தாள். எழுந்திருக்கும்போது லினெட்டுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கிரேம் கை கொடுத்துத் தூக்கினான். தூக்கிய பிறகும் விடவில்லை.

ஆறு மணி இருக்கும். கிர்ஸ்டி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் பசியில்லை. ஆனாலும் எதையாவது செய்ய வேண்டியிருந்தது. கிரேம் மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். தடவியதன் மேலேயே மறுபடி தடவினான். லினெட் உள்ளே சற்றுப் படுத்திருந்தாள்.

கிர்ஸ்டியின் போன் அடித்தது. அந்த இல்லத்திலிருந்து. மெரிடித் பேசினாராம். வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு லினெட்டை அழைத்து வந்து அறையைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள்.

கிர்ஸ்டி அப்பாவைப் பார்த்தாள். கிரேம் கத்தியைக் கீழே வைத்தான். தலையை மிக லேசாக அசைத்தான்.

"சரிங்க," என்றாள் கிர்ஸ்டி. "சனிக்கிழம பதினோரு மணிக்கு."

"யாரு போன்ல?"

லினெட் கதவருகே நின்றிருந்தாள். தூங்கி எழுந்த முகம். கன்னத்தில் தலையணை மடிப்பு. நகக்கண்ணில் எலுமிச்சை மரத்தடி மண்.

"சனிக்கிழம என்ன? எங்கயாவது போறோமா?"

கிர்ஸ்டியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"சொல்லுங்கப்பா. ரெண்டு பேரும் ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?" லினெட் ஃபிரிட்ஜைத் திறந்தாள். "சுக்கினி மிச்சம் இருக்கா? குஞ்சுங்களுக்கு சாயந்தரத் தீனி போடல இன்னும். எண்பத்துநாலு வாயி. காத்துட்டிருக்கும்."

அவள் சுக்கினித் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பினாள்.

மதியம் கேள்வியெல்லாம் கேட்டு, துருவித் துருவிக் கண்டுபிடித்து, தன் வாயாலேயே முடிவு சொன்னவள் இவள்தானா? அந்த முடிவு இப்போது யாருடையது? அதைச் சொன்னவளே அதை மறந்துவிட்டால், அவளைக் காரில் ஏற்றுவது எப்படி? கிர்ஸ்டிக்குத் தலை சுற்றியது. ஒரு பொய் போதும். இன்று இரவை அந்தப் பொய் காப்பாற்றிவிடும். சனிக்கிழமை பதினொரு மணியை அது காப்பாற்றாது.

"அப்பா..." என்றாள் தணிந்த குரலில்.

கிரேம் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தான். பின்னறைக் கதவை அவள் தொடுவதற்குள் போய், தட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தான். ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தான். இன்னொன்றை அவளுக்கு எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தான். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"என்னடா இது? பயமுறுத்தாத."

"லின். இன்னிக்குக் காலைல நான் மருந்துக் கடைக்குப் போனேன்," என்று ஆரம்பித்தான் கிரேம். அவள் கைகளை இன்னும் இறுகப் பிடித்தான். "நான் வர கொஞ்சம் நேரமாயிடுச்சு. நீ குஞ்சுத் தொட்டிக்குத் தண்ணி மாத்துனே..."

லினெட் அவன் கண்ணையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.